"அலாரம் அடிக்கவில்லை" என்பது பதிலாகுமா?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 103ஆம் வசனம் உணர்த்துகிறது. ஆனால் ஃபஜ்ரு தவறினால், "அலாரம் அடிக்கவில்லை" என்கிறோம். அதிகாலை ரயிலுக்கு இரண்டு அலாரம் வைத்து, படுக்கும் முன் சரிபார்க்கிறோமே, அந்த அக்கறை ஃபஜ்ருக்கு உண்டா?

பொறுப்பேற்ற பிலால் (ரலி)

கைபரிலிருந்து திரும்பும் வழியில் நபி (ஸல்) அவர்கள் இரவில் ஓரிடத்தில் தங்கினார்கள். ஃபஜ்ரு நேரத்தைக் கவனிக்கும் பொறுப்பை பிலால் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பிலால் (ரலி) இயன்றவரை தொழுதுவிட்டு, கிழக்கை நோக்கியபடி ஒட்டகத்தில் சாய்ந்தார்கள், கண் அயர்ந்துவிட்டார்கள். வெயில் பட்ட பிறகே அனைவரும் விழித்தார்கள். பின்னர் அங்கிருந்து நகர்ந்து, உளூச் செய்து, ஜமாஅத்தாகத் தொழுதார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது.

தூக்கம் மனிதனை மிகைக்கும். அதற்கு மார்க்கத்தில் மன்னிப்பு உண்டு. ஆனால் அவர்கள் தூங்கும் முன்பே ஏற்பாடு செய்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஏற்பாடு செய்தும் தவறியவரும், ஏற்பாடே செய்யாதவரும் ஒன்றல்ல.

இரண்டு பாங்குகள்

மதீனாவில் பிலால் (ரலி) இரவிலேயே பாங்கு சொல்வார்கள். அது தூங்குபவரை எழுப்ப. வைகறை வந்ததும் இப்னு உம்மி மக்தூம் (ரலி) பாங்கு சொல்வார்கள். நீங்களும் இரண்டு அலாரம் வையுங்கள்: எழுந்து தயாராக ஒன்று, வக்து நுழைந்ததை அறிய ஒன்று.

செயலியில் சரிபார்க்க வேண்டியவை

கடிகாரத்தில் தினமும் ஒரே நேரத்துக்கு வைத்த அலாரம் போதாது. ஃபஜ்ரு நேரம் பருவத்துக்கேற்ப மாறும். தொழுகைச் செயலி வைத்திருந்தால் ஊரைச் சரியாகக் குறியுங்கள். சென்னையில் சூரியன் உச்சி சாய்ந்து சுமார் 13 நிமிடம் கழித்தே கோவையில் சாய்கிறது.

கணக்கிடும் முறையையும் பாருங்கள். ஃபஜ்ருக்கு 15 பாகை என்று வைப்பதற்கும் 18 பாகை என்று வைப்பதற்கும் நம் பகுதியில் 12 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வரும். அஸருக்கு ஹனஃபி, ஷாஃபிஈ என இரு தேர்வுகள் இருக்கும். உங்கள் மஹல்லாப் பள்ளியின் அட்டவணையோடு ஒத்துப்பாருங்கள்.

ஆண்ட்ராய்டு போனில் பேட்டரி சேமிப்பு அமைப்பு செயலியை உறங்க வைத்துவிடலாம். அதிலிருந்து விலக்கு அளியுங்கள். ஆண்ட்ராய்டு 14இல் புதிதாக நிறுவும் பல செயலிகளுக்கு, குறித்த நேரத்தில் அலாரம் அடிக்கும் அனுமதி தானாகக் கிடைக்காது; நீங்களே வழங்க வேண்டும். அலாரத்தின் ஒலியளவையும் பாருங்கள். இன்றிரவே 2 நிமிடம் கழித்து ஒரு அலாரம் வைத்துச் சோதியுங்கள். போனைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். படுத்தபடியே நிறுத்திவிட்டால் அத்தனை ஏற்பாடும் வீண்.

சகோதரர்களே! அலாரம் உங்களைக் கூப்பிட மட்டுமே செய்யும். எழ வேண்டியது நீங்கள்தான். நிய்யத்தோடு சீக்கிரம் படுங்கள். வீட்டாரையும் எழுப்புங்கள்.

யா அல்லாஹ்! ஐவேளைத் தொழுகையையும் உரிய நேரத்தில் பேணும் நல்லடியார்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.