படத்துக்கு வெளியே குனிந்திருப்பவள்

பறவையை வரைகிறவர் பறவையை மட்டும்தான் வரைய வேண்டுமா? சின்னக் கேள்விதான். ஆனால் எண்ணூர், காட்டுப்பள்ளி, பழவேற்காடு என்று வடக்கே நீளும் கரையைத் தாளில் கொண்டுவர முயலும் யாரும் இதற்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க முடியாது.

குளிர்காலத்தில் பழவேற்காட்டு ஏரிக்குப் பூநாரைகள் வருகின்றன. அவற்றைத் தேடி கேமராக்களும் வண்ணப்பெட்டிகளும் வருகின்றன. படங்களில் நாம் பார்ப்பது வெளிர்சிவப்புச் சிறகு, வளைந்த கழுத்து, ஆளரவமற்ற நீர்ப்பரப்பு. அந்த ஆளரவமற்ற தன்மை செய்யப்பட்ட ஒன்று. அதே ஏரியில், முழங்கால் அளவு நீரில், இருளர் பெண்கள் குனிந்து சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கைகளுக்கும் வேலை இருப்பதால் பறியைப் பல்லால் கவ்விக்கொள்கிறார்கள். பூநாரையும் தலையைக் கவிழ்த்து, அலகைச் சேற்றில் விட்டுத்தான் உணவைச் சலித்தெடுக்கிறது. அதன் நிறமே அப்படித் தின்னும் பாசியிலிருந்தும் சிறு உயிர்களிலிருந்தும் வருவது. ஒரே சேற்றில் ஒரே மாதிரி குனிந்திருக்கும் இருவரில் ஒருவர் ஓவியம் ஆகிறார். இன்னொருவர் ஓவியத்தைக் கெடுக்கும் இடையூறாகிறார்.

தேர்வாய் கண்டிகையிலிருந்து வரும் என் மாணவி ஒருத்தி இருவரையும் சேர்த்து வரைந்தாள். ஒரு போட்டியில் அந்தப் படம் திரும்பி வந்தது. காட்டுயிர்ப் பிரிவில் மனித உருவம் கூடாதாம். விதி விதிதான், நடுவர்களோடு சண்டை போட ஒன்றுமில்லை. ஆனால் அந்த விதி எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம்.

சென்னைக்கு அதில் ஒரு பழைய கதை உண்டு. 1801இல் நீதிபதியான கணவருடன் இங்கே வந்த எலிசபெத் க்வில்லிம், 1807இல் இங்கேயே இறக்கும்வரை நூற்றுக்கும் மேற்பட்ட பறவை ஓவியங்களைத் தீட்டினார். பிடித்துக் கொண்டுவரப்பட்ட உயிருள்ள பறவைகளைப் பார்த்து, பலவற்றை அவற்றின் உண்மை அளவிலேயே வரைந்தார். அமெரிக்கப் பறவைகளை வரைந்து புகழ்பெற்ற ஆடுபானின் நூல் 1827இல்தான் வெளிவரத் தொடங்கியது. ஆடுபானை உலகம் அறியும். க்வில்லிமின் ஓவியங்கள் 1924இல் லண்டனில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. நூறாண்டுக்கு மேல் ஒரு பெண்ணின் உழைப்பு மறைந்து கிடந்ததை நினைத்தால் நமக்குக் கோபம் வருகிறது, வரவும் வேண்டும். ஆனால் நம் கோபம் அவரோடு நின்றுவிடுவது எனக்கு உறுத்துகிறது. பறவை எந்த நீர்நிலைக்கு எந்த மாதம் வரும், சிறகு ஒடியாமல் எப்படிப் பிடிப்பது என்று தெரிந்த ஒருவர் இல்லாமல் அந்த ஓவியங்களில் ஒன்றுகூட இல்லை. அவர்கள் யாரும் படத்தில் இல்லை. நாம் மீட்டெடுப்பவளுக்குப் பக்கத்திலேயே மீட்கப்படாதவர்கள் நிற்கிறார்கள்.

ஓவியத்திலிருந்து ஒருவரை நீக்குவதும் நிலத்திலிருந்து நீக்குவதும் ஒன்றா? ஒன்றில்லை. ஆனால் இரண்டும் உறவுக்காரர்கள். என் மாணவியின் ஊரையே எடுத்துக்கொள்வோம். ஆயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்த மேய்ச்சல் காடு சிப்காட் தொழிற்பூங்காவானது. 2009இல் மிஷ்லின் டயர் ஆலைக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் அந்த ஊர் எதிர்த்துப் போராடியது. பெண்கள் முன்னால் நின்றார்கள். ஆடுமாடு, விறகு, மூலிகை, ஏரிக்கு வரும் நீர் என்று அந்தக் காட்டோடு அன்றாடம் புழங்கியவர்கள் அவர்கள்தான். பதிவேட்டு மொழியில் இதற்கெல்லாம் சொல் இல்லை. யாருக்கும் பட்டா இல்லாத நிலம் என்றால் யாரும் இல்லாத நிலம் என்று வாசித்துக்கொள்வது எளிது. ஆளில்லாத ஏரியை வரையும் தூரிகையும் அந்த வாசிப்புக்குப் பழக்கப்பட்டதுதான். படத்தில் அவள் இல்லாமல் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நேரில் பார்க்கும்போது அவள் அத்துமீறி நுழைந்தவளாகத் தெரிவாள். ஆலை வந்தாலும் சரணாலயம் வந்தாலும் முதலில் நகரச் சொல்லப்படுபவள் அவள்தான் என்பது தற்செயல் அல்ல.

இதே ஊரின் ஏரியையும் கண்ணன்கோட்டை ஏரியையும் இணைத்து, சென்னையின் குடிநீருக்காக 2020இல் நீர்த்தேக்கம் திறந்தார்கள். காடு போன ஊரிலிருந்து நகரத்துக்குத் தண்ணீரும் போகிறது!

அப்படியானால் எல்லா ஏரிப் படத்திலும் ஒரு பெண்ணைக் குனிய வைத்துவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா? அதுவும் எனக்கு ஒப்பவில்லை. குடம் சுமக்கும் பெண், நாற்று நடும் பெண், ஈரச் சேலையோடு கரையேறும் பெண் என்று நம்மை வரைந்து மாட்டாத வரவேற்பறை உண்டா? பார்க்கப்படுவது பெண்ணுக்குப் புதிதல்ல, அது அவளுக்கு உரிமை எதையும் தந்ததும் இல்லை. பூநாரைக்குப் பக்கத்தில் அவளையும் அழகுக்காக நிறுத்தினால் காட்சிப்பொருள் இரண்டாகும், அவ்வளவே.

2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, கறுப்பாகிப்போன கூழைக்கடாக்களின் படங்கள் எங்கும் பகிரப்பட்டன. அந்தப் படங்கள் தேவைதான். அவற்றைப் பார்த்துக் கலங்கியவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாளியும் கையுமாக அந்த எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்த மீனவர்களின் தோலிலும் அதே கறுப்புதான் ஒட்டியிருந்தது. பறவையின் துயரம் களங்கமற்றது, அதற்கு இழப்பீடு கேட்கத் தெரியாது. மனிதத் துயரம் கேள்வி கேட்கும், மனு கொடுக்கும், சாலையில் உட்காரும். நாம் பறவையை முதலில் தேர்ந்தெடுப்பதில் இந்த வசதிக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வரைகிறவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: யாருடைய கண்ணிலிருந்து வரைகிறோம் என்று தீர்மானிப்பது. கரையில் முக்காலி போட்டு நிற்பவருக்குத் தெரிவது சிறகும் வானமும். சேற்றில் கை வைத்திருப்பவளுக்கு அந்தப் பறவை வேறு. அது கலக்கிவிட்ட தண்ணீர் அவளுக்குச் சேதி சொல்லலாம், சில நாள் அது அவளுக்குப் போட்டியாகவும் இருக்கலாம். அவள் அதை என்ன பெயரால் கூப்பிடுகிறாள் என்று கேட்காமல், களக் கையேட்டுப் பெயரைப் படத்தின் கீழே எழுதிவிட்டு வருகிறோம். பேச்சுக் கொடுக்க ஒரு நாள் போதாது, அவளுக்கு வேலை இருக்கிறது. வரைபவருக்கு இருக்கும் ஓய்வு அவளுக்குக் கிடையாது. ஆகவே அவளுக்கு வசதிப்படும் நேரத்தில் போய் உட்கார வேண்டியது வரைபவர்தான்.

திரும்பி வந்த படத்தை என் மாணவி சுருட்டி வைத்துவிட்டாள். இப்போது வேறொன்று தொடங்கியிருக்கிறாள். அதில் முகங்களே இல்லை. நீர்மட்டத்துக்கு அருகிலிருந்து பார்க்கும் கோணம்: முன்னால் துழாவும் இரண்டு கைகள், அப்பால் நீண்ட சிவந்த கால்கள், நடுவே கலங்கிய நீர். கைகளுக்காகத் தன் பாட்டியை உட்கார வைத்துப் பலமுறை வரைந்து பார்த்தாளாம். அந்தக் காட்டில் ஆடு மேய்த்த கைகள் அவை. சேற்றின் நிறம்தான் இன்னும் பிடிபடவில்லை என்கிறாள்.