கொல்லைப்புறத்து ஆடும் அதன் ஹக்கும்

கொல்லையில் நாலு ஆடு, கோழி வளர்த்து ஹலாலாகப் பிழைக்க வேண்டுமென்பது நல்ல ஆசைதான். நம் நாயகம் (ஸல்) அவர்களும் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தவர்களே. ஆனால், மடியில் சுரக்கும் பால் முதலில் யாருக்கு?

சென்ற வருடம் நானும் ஓர் ஆடு வாங்கினேன். பிள்ளைகளுக்குப் பால் கிடைத்த சந்தோஷத்தில் ஒட்டக் கறந்தோம். குட்டியின் விலா எலும்பு தெரிந்தபோதுதான், மதரஸாவில் ஓதிய மஸ்அலா நினைவுக்கு வந்தது. (ஓதியது கிதாபோடு நின்றுவிட்டது!) குட்டிக்குக் கேடு வருமளவு கறக்கக் கூடாதென்று இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜிலேயே இருக்கிறது. தீனி கொடுப்பதும் உடையவன் மீது வாஜிப். இயலாதவன் விற்றுவிட வேண்டும், அல்லது அறுத்துவிட வேண்டும். பூனையை அடைத்து வைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் ஹதீஸ் நாமறிந்ததே. அவிழ்த்து விட்டிருந்தால் அது தானே இரை தேடியிருக்கும்.

இப்போது ஒரு காம்பைக் குட்டிக்கென்றே விட்டுவிடுகிறோம். தேநீரில் பால் குறைவென்று வீட்டில் முணுமுணுப்பு உண்டு.