இரும்புத் தாயத்து

தாழிட்டாகிவிட்டது. சாவியைத் திருப்பியாகிவிட்டது. கதவை ஒருமுறை இழுத்தும் பார்த்தாகிவிட்டது, அசையவில்லை. இனிக் கவலை ஏது, கண்ணுறங்கலாம்! இரவுதோறும் இல்லத்தார் இப்படித்தான் எண்ணுகின்றனர். கள்வனைப் பற்றிய அச்சம் எங்கே போயிற்று? அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டதாக நினைப்பு. கள்வனோ, தோழர்களே, வெளியேதான் இருக்கிறான்!

பூட்டு வேண்டாம் என்று கூற வரவில்லை. பூட்டு வேண்டும், நல்ல பூட்டே வேண்டும். ஆனால், அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று கேளாமலே அதனிடம் வாழ்வை ஒப்படைப்பது அறிவுடைமையா? அதன் குறையை எடுத்துரைப்பவனைக் 'கள்வனுக்கு வழிகாட்டுகிறான்' என்று கடிவது முறையா? இவ்விரு கேள்விகளும் இரும்பைப் பற்றியன போலத் தோன்றும். உண்மையில், நம் நம்பிக்கைகளைப் பற்றியவை.

அமெரிக்க நாட்டில், வீட்டுக் கதவின் காவலன் என்று போற்றப்படுவது 'டெட்போல்ட்' எனும் பூட்டு. சாதாரணக் கதவுப் பூட்டின் நாக்கு சுருள்வில்லால் இயங்குவது. கதவைச் சாத்தினால் தானே உள்வாங்கித் தானே வெளிவரும். வளையும் அட்டையொன்றை இடுக்கில் செருகி, அந்த நாக்கைப் பின்னுக்குத் தள்ளிவிடக்கூடும். டெட்போல்ட்டிலே அந்த வில் இல்லை. சாவியையோ உட்புறத் திருகையோ திருப்பினாலன்றி அதன் எஃகுத் தண்டு நகராது. திருப்பினால், ஏறத்தாழ ஓர் அங்குலம் நீண்டு, கதவு நிலைக்குள் புகுந்து நிற்கும். அட்டைக்கு அஞ்சாத பூட்டு! மெய்தான்; மறுப்பார் இல்லை.

ஆனால், அந்த எஃகுத் தண்டு எதற்குள் புகுந்து நிற்கிறது? அதைக் கேட்பார்தான் இல்லை! அந்நாட்டு வீடுகள் பலவும் மரச் சட்டங்களால் எழுப்பப்படுபவை. கதவு நிலையோ மெல்லிய பலகை. தண்டை ஏற்கும் தகட்டை, ஓர் அங்குலமும் இல்லாத திருகாணிகளால் அப்பலகையிலே பொருத்திவிட்டுப் போவது வழக்கம். ஓங்கி ஓர் உதை. எஃகு வளைவதில்லை, பலகை பிளக்கிறது. பூட்டு பூட்டியபடியே இருக்கிறது, கதவு திறந்து கிடக்கிறது! மூன்று அங்குலத் திருகாணிகளை, பலகையைத் தாண்டிச் சுவர்ச் சட்டத்தில் இறங்குமாறு முடுக்கியிருந்தால், கதவு இன்னும் பல உதைகளைத் தாங்கியிருக்கும். அதற்கு ஆகும் செலவு அற்பம். அதை எண்ணாமல், பூட்டுக்கு மேல் பூட்டு வாங்கிப் பூரிப்பவர் எத்தனை பேர்!

பூட்டைத் தொடாமலே புகுபவனும் உண்டு. 2019-ஆம் ஆண்டு அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை வெளியிட்ட கணக்கில், பதிவான கன்னக்களவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை, எதையும் உடைக்காமலே உள்நுழைந்து நடத்தப்பட்டவை. தாழிடாத கதவு, சாத்தாத சாளரம்: இவற்றுக்கு எந்த எஃகு என்ன செய்யும்?

சரி, நிலையும் உறுதி, சாளரமும் உறுதி என்றே கொள்வோம். பூட்டு மட்டுமாவது வெல்லமுடியாததா? வரலாற்றைக் கேட்போம்.

இலண்டன் மாநகர், பிக்காடிலித் தெரு. யோசப்பு பிராமா என்பவரின் கடைச் சாளரத்திலே ஒரு பூட்டு. அதைத் திறக்கும் கருவி செய்பவருக்கு 200 கினி பரிசு என்று அறைகூவல்! அரை நூற்றாண்டுக்கு மேல் எவரும் வெல்லவில்லை. செரமையா சப் 1818-இல் அமைத்த பூட்டுக்கோ இன்னொரு பெருமை: பிறர் திறக்க முயன்றால், உள்ளே சிக்கிக்கொண்டு உரியவனுக்கு அதைக் காட்டிக் கொடுக்கும். இவ்விரண்டையும் நம்பி ஊரே உறங்கிற்று. 1851-இல் இலண்டன் பெருங்கண்காட்சிக்கு வந்தார் ஆல்பிரட் சார்லசு ஆப்சு எனும் அமெரிக்கர். சப் பூட்டை ஏறத்தாழ 25 நிமிடங்களில் திறந்தார்! பிராமா பூட்டுடன் 16 நாட்களில் 51 மணி நேரம் போராடி, அதையும் திறந்தார்!

உடனே எழுந்தது கூக்குரல். 'குறையை வெளியிடலாமா? கள்வர் கற்றுக்கொள்வரே!' 1853-இல் சார்லசு டாம்லின்சன் பதிப்பித்த பூட்டு நூல் அதற்கு விடை தந்தது: கள்வர் தம் தொழிலை முன்பே நன்கறிவர், அறியாதிருப்பவர் நேர்மையாளரே, ஆகவே அவர்களுக்கே இதைச் சொல்ல வேண்டும் என்பது அதன் வாதம். எவ்வளவு நேர்மையான வாதம்! குறையை மறைத்தால் குறை மறைவதில்லை. கள்வனுக்குத் தெரிந்தது, வீட்டுக்காரனுக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவே!

இதற்கும் மேல் ஒரு கேடு உண்டு. கதவருகே கண்ணாடி இருந்தால், அதை உடைத்துக் கையைவிட்டு உட்புறத் திருகைத் திருப்பிவிடுவானே என்ற அச்சத்தில், உள்ளேயும் சாவியிட்டே திறக்கும் டெட்போல்ட்டைச் சிலர் பொருத்துகின்றனர். நள்ளிரவில் தீ மூள்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வீடெங்கும் புகை, விளக்கும் இல்லை. சாவி எங்கே? கள்வனை வெளியே நிறுத்தப் போட்ட தாழ், குழந்தையை உள்ளே நிறுத்திவிடுகிறது! இதனாலேதான், வெளியேறும் கதவு உள்ளிருந்து சாவியின்றித் திறக்கப்பட வேண்டும் என்று அந்நாட்டுக் குடியிருப்புக் கட்டட விதி கூறுகிறது. பொருளைக் காக்கும் ஆவலில் உயிரை மறப்பது காவலா? பொருளுக்கு உயிரை அடகு வைப்பதன்றோ!

அப்படியானால் பூட்டு தருவதுதான் என்ன? காலம் தருகிறது, வேறெதுவும் அன்று. 25 நிமிடம் தரலாம், 51 மணி நேரம் தரலாம், மூன்று உதைகள் மட்டுமே தரலாம். கள்வனைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதம் யாருக்காக? ஓசை கேட்டு எழுபவனுக்காக! 'யாரது?' என்று குரல் கொடுத்து விளக்கேற்றும் அண்டை வீட்டானுக்காக! வருவோர் எவரும் இல்லையெனில், பூட்டு ஈட்டித் தந்த நிமிடங்கள் அத்தனையும் வீண்.

ஆனால், நல்ல பூட்டு வாங்கியவன் முதலில் மறப்பது அந்த அண்டை வீட்டானைத்தான்! 'எனக்கு எவர் துணையும் வேண்டா' என்கிறான். நான்கு தெரு தள்ளி நடப்பதை அறியான். அடுத்த வீட்டில் அலறல் கேட்டாலும் இன்னொரு முறை தாழைச் சரிபார்த்துவிட்டுப் படுக்கிறான். நாளை அவன் கதவு பிளக்கும்போது, அடுத்த வீட்டிலும் அதே தாழ்தான் ஓசையிடும்!

ஆராயாமல் அணிந்தால் எதுவும் தாயத்துத்தான், அது எஃகால் ஆனதாயினும்! தோழர்களே, இன்றிரவே உங்கள் கதவைத் தாழிடுங்கள். ஆனால், முதலில் நிலையைத் தட்டிப் பாருங்கள். திருகாணியை அளந்து பாருங்கள். புகை சூழ்ந்தால் எவ்வழி வெளியேறுவது என்று வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லி வையுங்கள். பிறகு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, நட்புடன் நாலு வார்த்தை பேசி வாருங்கள். தாழ் தரும் காலத்தைப் பயனாக்கும் கை, அந்தக் கதவுக்குப் பின்னேதான் இருக்கிறது!