கருஞ்சாயமும் அறியாமை என்னும் சாட்டும்

அறியாது செய்த தீங்குக்கு மனிதன் பொறுப்பாளியாவானா என்பது ஒழுக்கவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. தன் கவனக்குறைவால் விளைந்த அறியாமைக்கு மன்னிப்பில்லை என்பது அரிஸ்டோட்டிலின் கருத்து. அறிய இயலாமை வேறு, அறிய முயலாமை வேறு. ஏட்டில் எளிதாய்த் தோன்றும் இப்பிரிவு நடைமுறையில் எத்துணை அரிதென்பதை ஒரு கறுப்புச் சாயத்தின் வரலாற்றிற் காணலாம்.

டிரெக்ட் பிளாக் 38 என வழங்கும் அச்சாயம் பென்சிடீனை நடுவாகக் கொண்டு, மூன்று அசோப் பிணைப்புக்களால் ஆக்கப்படுவது. 1884 இற் கண்டறியப்பட்ட கொங்கோச் சிவப்பே இக்குடும்பத்தின் மூத்தது. உலோக உப்புக்களின் துணையின்றிப் பருத்தியை நேரே பற்றும் இயல்பும் மலிவும் இச்சாயங்களைத் துணி, தோல், கடதாசித் தொழில்களிற் பரப்பின.

பென்சிடீன் கொடியது என்பது மறைவான செய்தியன்று. 1895 இல் பிராங்க்பேர்ட் நகரின் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் சாயத் தொழிலாளரிடையே சலப்பைக் கட்டிகளைக் கண்டு எழுதினார். 1921 இல் சர்வதேசத் தொழில் அலுவலகம் பென்சிடீனையே பெயர் குறித்துச் சுட்டியது. ஆயினும் பென்சிடீன் வேறு, சாயம் வேறு எனக் கொள்ளப்பட்டது. சாயத்தினுள் பிணைப்புண்ட பொருள் வெளிவராது என்பது நம்பிக்கை. பென்சிடீனைக் கையாள்பவனுக்குக் காப்பு வேண்டும். சாயத்தூளை நிறுப்பவனுக்கு வேண்டியதில்லை!

இந்நம்பிக்கையை அறியாமை எனலாமா? 1935 இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவன ஆய்வாளர், புரொன்டோசில் என்னும் செஞ்சாய மருந்து உடலினுள் அசோப் பிணைப்பு உடைந்து சல்பனிலமைட்டை வெளிவிடுதலாலேயே கிருமிகளை வெல்கிறது எனக் காட்டினர். மருத்துவ உலகம் அதனைக் கொண்டாடிற்று. செஞ்சாயத்தை உடைத்து மருந்தைப் பெறும் உடல், கருஞ்சாயத்தை உடைத்து நஞ்சைப் பெறாதா? இதனைக் கேட்க மேதை எவரும் வேண்டியதில்லை. இரசாயனவியல் கற்ற மாணவன் போதும். ஆயின், 1978 இலேதான் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் சோதனையில் இச்சாயம் ஊட்டப்பட்ட எலிகளுக்குப் பதின்மூன்று வாரங்களுள் ஈரற் கட்டிகள் தோன்றின. இடைப்பட்டவை நாற்பத்து மூன்று ஆண்டுகள்.

எல்லாப் பொருளையும் எல்லாக் கோணத்திலும் சோதித்தல் எவர்க்கும் இயலாது என மறுப்போர் உளர். அம்மறுப்பு முற்றும் பொய்யன்று. ஆனால், அறியும் கடமை எல்லார்க்கும் ஒரே அளவினதன்று. கியோட்டோவின் பட்டுச் சாயக்காரர் தூரிகை நுனியை நாவில் வைத்துக் கூராக்கும் பழக்கமுடையோர். அவரிடையே சலப்பைப் புற்றுநோய் மிகுந்திருத்தலை யப்பானிய மருத்துவர் 1970 களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினர். தூரிகையை நாவில் வைத்தவன் அவனே. எனினும் அவன் அறியாமையும் சாயத்தை ஆக்கியோன் அறியாமையும் ஒரு தராசில் வைக்கத்தக்கன அல்ல. ஒருவனிடம் ஆய்வுகூடம் இருந்தது, இலாபமும் இருந்தது. மற்றவனிடம் குரு காட்டிய வழக்கமே இருந்தது. நோயோ பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். அதற்குள் முதலாளியும் மாறியிருப்பார், கணக்கேடும் மூடப்பட்டிருக்கும். காலத்தின் இந்த இடைவெளி குற்றத்தைக் குறைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சாட்டை மட்டுமே பெருக்குகிறது.

பென்சிடீனைக் கைவிட்ட ஆலைகள் சில, ஓதோ-தொலிடீன், ஓதோ-தயனிசிடீன் ஆகிய அதன் நெருங்கிய உறவுப் பொருள்களை அவ்விடத்தில் அமர்த்தின. 2002 இல், உடலோடு படும் துணியிலும் தோலிலும் தீய அமீன்களை வெளிவிடும் அசோச் சாயங்களை ஐரோப்பிய ஒன்றியம் விலக்கியபோது, அப்பட்டியலில் பென்சிடீனுடன் இவை இரண்டும் இடம்பெற்றிருந்தன.