பிழை யாருடையது?

புதிய இயந்திரத்தின் முன் ஒருவர் தடுமாறினால், “இவருக்கு அறிவு போதாது” என்று எளிதில் தீர்ப்பிட்டு விடுகிறோம். அத்தீர்ப்பு நீதியானதா?

அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றிய மானிடவியலாளர் லூசி சச்மன், நகலெடுக்கும் இயந்திரத்தை மக்கள் கையாளும் விதத்தைக் கூர்ந்து நோக்கினார். கணினியியலில் தேர்ந்த ஆய்வாளர் இருவரே அதன்முன் திகைத்தது வீடியோவில் பதிவாயிற்று. 1987-இல் வெளிவந்த தம் நூலில் அவர் விளக்கிய உண்மை இது: பொத்தானை அழுத்துவது போன்ற சில செயல்களை மட்டுமே இயந்திரம் அறியும்; அழுத்தியவரின் குழப்பத்தை அறியாது.

முகம் பாராதிருத்தல் இயந்திரத்தின் இயல்பு. மனிதரும் அவ்வாறிருத்தல் தகுமோ?

இதற்கு நம் புதுக்கோட்டை மண்ணிலேயே விடை உண்டு. 1991-இல் இங்கு அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால், எழுத்தோடு மிதிவண்டியும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. கல்குவாரிப் பெண்களும் அங்கன்வாடிப் பணியாளரும் மிதிவண்டியில் வேலைக்குச் செல்லலாயினர். மிதிவண்டியை ஏட்டில் கற்க இயலாது. பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடிவர வேண்டும். விழுந்தவரை நகையாடாமல் தூக்கிவிட வேண்டும்.

இன்று கணினித் திரையின்முன் தயங்கி நிற்கும் மூத்த பணியாளருக்கும் அத்தகைய கையே தேவை. நாம் நீட்டுவது கையையா, சுட்டுவிரலையா?