பழுத்த இலையும் வாடிய முகமும்

பொதுக்காலம் 28ஆம் ஞாயிறு – இரண்டாம் ஆண்டு
சாலமோனின் ஞானம் 7:7-11, எபிரேயர் 4:12-13, மாற்கு 10:17-30



சென்ற ஆண்டு இதே வாரத்தில், நம் தமிழ்த் திருப்பலி முடிந்த கையோடு நான்கு வண்டிகளில் நியூயார்க் மாநிலத்தின் பேர் மவுன்டன் பூங்காவுக்குப் போனோம். நினைவிருக்கிறதா? புளியோதரை, தயிர்சாதம், ஒரு பெரிய பாத்திரம் நிறையச் சுண்டல். வண்டியை நிறுத்த இடம் கிடைக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பாட்டி என் பக்கத்து இருக்கையில் இருந்தார். மஞ்சளும் சிவப்புமாய்க் கிடந்த மலையையும், கீழே வரிசையில் நின்ற வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் சாமி, பழுத்த எலையப் பாக்கவா இம்புட்டுக் கூட்டம்? நம்ம ஊர்ல இதக் கூட்டிக் குப்பையிலதான தள்ளுவோம்?"

வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் பாட்டியின் வாயில் தற்செயலாக வந்த அந்தச் சொல் என்னோடு வீடு வரை வந்தது. பழுத்த இலை. மாம்பழத்துக்குச் சொல்லும் அதே சொல்லை நாம் இலைக்கும் சொல்கிறோம். தண்ணீரின்றிச் சுருங்கிய இலையை அப்படிச் சொல்வதில்லை. அதற்கு வாடிய இலை என்று பெயர். பழுப்பது வேறு, வாடுவது வேறு. இன்றைய நற்செய்தியைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வேறுபாடு போதும்.

இலை எப்படிப் பழுக்கிறது? கோடை முழுவதும் இலையில் பச்சையம் நிறைந்திருக்கிறது. அதை வைத்துத்தான் மரம் வெயிலைக் கொண்டு தன் உணவைச் சமைக்கிறது. பகல் பொழுது குறையத் தொடங்கியதும் மரம் புதிதாகப் பச்சையம் செய்வதைக் குறைத்து, பிறகு நிறுத்திவிடுகிறது. இருந்ததும் சிதைந்து போகிறது. அப்போது மஞ்சள் தெரிகிறது. அந்த மஞ்சள் இப்போது வந்ததல்ல. ஜூன் மாதத்திலும் அது இலைக்குள் இருந்தது. பச்சை அதை மூடியிருந்தது. மேப்பிள் மரத்தின் சிவப்பு மட்டும் வேறு. வெயிலடிக்கும் பகலும் குளிர்ந்த இரவும் சேர்ந்து வரும் இந்த நாள்களில், இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து புதிதாக உருவாகும் நிறம் அது.

இதற்கிடையே கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலையும் நடக்கிறது. தன்னிடமுள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகளில் ஏறத்தாழப் பாதியை இலை மரத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. காம்பு கிளையோடு சேரும் இடத்தில் மரம் தக்கை போன்ற ஓர் அடுக்கை வளர்க்கிறது. இலை பிரிவதற்கு முன்பே காயத்துக்கு மூடி தயார். அதன் பிறகுதான் காற்று வருகிறது. காற்று இலையைப் பறித்துப் போவதாக நாம் நினைக்கிறோம். மரம் அதை முன்பே விட்டுவிட்டது.

ஏன் விட வேண்டும்? நம் ஊர்த் தேக்கு, தண்ணீர் வற்றும் மாதங்களில் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாய் நிற்கும். இங்கே பனிக்காலத்தில் மண் உறைந்துபோனால் வேருக்குத் தண்ணீர் கிடைக்காது. அதோடு, அகன்ற இலைகளின் மேல் பனி ஏறினால் கிளை தாங்காது. 2011 அக்டோபர் 29ஆம் தேதி இந்தப் பகுதியில் இருந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. மரங்களில் இலை நிறைந்திருக்கும்போதே பெரும் பனி கொட்டிவிட்டது. ஈரப்பனியின் பாரத்தில் கிளைகள் முறிந்து மின்கம்பிகளின் மேல் விழுந்தன. வடகிழக்கு மாநிலங்களில் 30 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளும் கடைகளும் இருட்டில் கிடந்தன. மரங்கள்மேல் குற்றமில்லை, பனி முந்திக்கொண்டது. நமக்கும் அப்படித்தான். நாம் தயாராகும் வரை எந்தக் குளிர்காலமும் வாசலில் காத்து நிற்பதில்லை.

இப்போது நற்செய்திக்கு வருவோம். ஒருவர் ஓடி வந்து இயேசுவின் முன் முழந்தாளிடுகிறார். சிறு வயது முதல் கட்டளைகளைத் தவறாமல் கடைப்பிடித்தவர். கைநிறையச் சொத்து. பச்சைப்பசேலென்ற வாழ்க்கை. இந்த நிகழ்ச்சியை மத்தேயுவும் லூக்காவும்கூட எழுதியிருக்கிறார்கள். ஆனால் இயேசு அவரைக் கூர்ந்து பார்த்து அவர்மேல் அன்பு கொண்டார் என்பதை மாற்கு மட்டுமே சொல்கிறார். அந்த அன்பிலிருந்துதான், இருப்பதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வா என்ற அழைப்பு பிறக்கிறது. அது தண்டனை அல்ல. பனி வரப்போவதை அறிந்த ஒருவர், பாரத்தை இறக்கி வை என்று அக்கறையோடு சொல்லும் சொல். அந்த மனிதரால் முடியவில்லை. ஓடி வந்தவர் முகம் வாடி, மெல்ல நடந்து திரும்பிப் போகிறார். கொடுத்திருந்தால் பழுத்திருப்பார். பிடித்துக்கொண்டதால் வாடிப் போனார்.

கொடுத்தவர்களின் கதை ஒன்று அந்த மலையிலேயே இருக்கிறது. 1908இல் நியூயார்க் மாநில அரசு, சிங் சிங் சிறைச்சாலையைப் பேர் மவுன்டனுக்கு மாற்றத் திட்டமிட்டது. கைதிகளைக் கொண்டுவந்து மரங்களை வெட்டி நிலத்தைச் சீர்செய்யும் வேலையும் தொடங்கிவிட்டது. பக்கத்து மலைகளில் பெரும் நிலப்பரப்பு ரயில்வே அதிபர் எட்வர்ட் ஹாரிமன் குடும்பத்துக்குச் சொந்தம். அவர் 1909இல் இறந்தார். மறு ஆண்டு அவருடைய மனைவி மேரி ஹாரிமன் 10,000 ஏக்கர் நிலத்தையும் 10 லட்சம் டாலரையும் அரசுக்குக் கொடுத்தார். சிறைத் திட்டத்தைக் கைவிட்டு மக்களுக்குப் பூங்கா அமைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அரசு ஏற்றுக்கொண்டது. இன்று ஹாரிமன் பூங்கா மட்டுமே 40,000 ஏக்கரைத் தாண்டுகிறது. அந்த அம்மையாரைப் புனிதராக்க நான் வரவில்லை. அவர் கொடுத்தது அந்தக் குடும்பத்தின் பெருஞ்செல்வத்தில் ஒரு பகுதிதான். ஆனாலும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கைதிகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டிய இடத்தில் இன்று நம் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். ஒருவர் கையைத் திறந்து கொடுத்ததால் ஒரு சிறை பூங்காவாயிற்று.

நம் ஒவ்வொருவருக்குள்ளும் அப்படி ஒரு நிலம் உண்டு. அங்கே சிறையா, பூங்காவா? பத்து ஆண்டுகளுக்கு முன் அண்ணனோடு பாகப்பிரிவினையில் வந்த சண்டை. அதன் பிறகு ஊருக்குப் போனாலும் அந்தத் தெருப் பக்கம் போவதில்லை. மகன் மருத்துவம் படிக்கவில்லை என்ற வருத்தம். சாப்பாட்டு மேசையில் இன்னும் அதே பேச்சு. அடுத்த வீட்டுக்காரர் வாங்கிய வீட்டைவிட ஓர் அறை கூடுதலாக வேண்டும் என்று இரண்டு வேலை பார்த்துத் தூக்கம் தொலைப்பது. இன்றைய முதல் வாசகத்தில் மன்னர் ஞானத்தைக் கேட்கிறார். அதன் முன் பொன்னெல்லாம் ஒரு பிடி மணல்தான் என்கிறார். நாமோ மணலை இறுகப் பிடித்துக்கொண்டு கை வலிக்கிறது என்கிறோம்.

விட்டால் என்ன மிஞ்சும் என்ற பயம் நமக்கு மட்டுமல்ல, பேதுருவுக்கும் இருந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோமே என்கிறார். வீட்டையும் உறவையும் விட்டு வந்தவர் நூறு மடங்காகப் பெறுவார், துன்பங்களும் கூடவே வரும் என்று இயேசு பதில் சொல்கிறார். உங்களுக்கு இது நன்றாகப் புரியும். ஊரில் ஓர் அம்மாவை விட்டு வந்தீர்கள். உங்களுக்குப் பிள்ளை பிறந்தபோது பத்தியச் சோறு கொண்டுவந்து கொடுத்த அம்மாக்கள் இதே ஆலயத்தில் எத்தனை பேர்!

நாளை திங்கள் விடுமுறை. பலர் பூங்காவுக்குப் போவீர்கள். போங்கள், அதுவும் ஒரு செபம்தான். படம் எடுங்கள். எடுத்த பிறகு ஐந்து நிமிடம் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, ஒரு கிளையின் அருகில் போங்கள். இலை விழுந்த தழும்புக்குச் சற்று மேலே பாருங்கள். நெல்மணி அளவில் ஒரு மொட்டு இருக்கும். அது அடுத்த வசந்தத்தின் இலை. கோடையிலேயே உருவாகி, பழுத்த இலையின் காம்படியில் காத்திருந்தது. மரம் வெறுங்கையோடு குளிர்காலத்துக்குள் போவதில்லை.

பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்பார்கள் நம் பெரியவர்கள். இந்த ஆண்டு பாட்டி ஊரில் இருக்கிறார். அவரைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகள் நாளை அவரை அழைத்து, எதைப் பார்க்க அவ்வளவு கூட்டம் போனது என்று சொல்லுங்கள்.

பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தத் திருப்பலியில் காணிக்கை எடுத்துவரும்போது, முதல் பனி விழுவதற்குள் நீங்கள் விட வேண்டிய ஒன்றை மனத்துக்குள் பெயர் சொல்லி ஆண்டவர் கையில் வையுங்கள். அண்ணனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு என்றால், இன்று மாலையே செய்யுங்கள். ஊரில் அப்போது விடியற்காலைதான், எழுந்திருப்பார். ஆமென்.