பக்தி ஸ்வரஞானம் தருமா?

இறைவனை நம்புகிறவர் இயற்றிய இசை உயர்ந்தது, நம்பாதவர் இயற்றியது தாழ்ந்தது என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது. பக்தி ஸ்வரஞானம் தருவதில்லை. அது குருமுகமாகவும் இடைவிடாத சாதகத்தாலும் வருவது. தியாகராஜ சுவாமிகளே (1767–1847) இதற்குச் சான்று. ராமபக்தி அவருக்குக் குடும்பச் சொத்து. ஆயினும் சங்கீதத்தைத் தஞ்சை அரண்மனை வித்வான் சொண்டி வெங்கடரமணையாவிடம் முறையாகப் பயின்றார். ஒரே அடியைச் சங்கதி சங்கதியாக வளர்த்து, ஒவ்வொரு சுற்றிலும் ராகத்தின் இன்னொரு முகத்தைக் காட்டும் முறை அவரிடம் முழுமை பெற்றது. எந்த ஸ்வரத்தில் நிற்பது, எப்போது தாரஸ்தாயிக்கு ஏறுவது, எங்கே இறங்கிப் பல்லவியைப் பிடிப்பது என்பவையெல்லாம் பழுத்த செவி எடுக்கும் முடிவுகள். காவிரிக்கரையில் ராமநாமம் ஜபித்தவர்கள் எத்தனையோ பேர். பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஒருவரிடமிருந்துதான் வந்தன.

ஐரோப்பாவிலோ, நம்பிக்கையில் உறுதியில்லாதவரிடமிருந்தும் மகத்தான வழிபாட்டிசை பிறந்திருக்கிறது. இத்தாலியின் இசைநாடக மேதை ஜியூசெப்பே வெர்டி, எழுத்தாளர் மன்சோனியின் நினைவாக இயற்றிய இரங்கல் திருப்பலி இசை 1874 மே 22 அன்று மிலான் நகரின் சான் மார்கோ ஆலயத்தில் அரங்கேறியது. இறுதித் தீர்ப்பு நாளின் பேரச்சத்தை அதைப்போல் இசையில் எழுப்பியவர்கள் மிகச் சிலரே. வெர்டியோ ஆழ்ந்த நம்பிக்கையாளர் அல்லர். அவர் மனைவியே கடிதத்தில் அதைக் குறிப்பிட்டிருக்கிறார். 1906-இல் வெளிவந்த ஆங்கிலத் திருச்சபைப் பாடல் தொகுப்புக்கு இசைப் பதிப்பாசிரியராக இருந்த ரால்ஃப் வான் வில்லியம்ஸும் கடவுள் உண்டென்று அறுதியிட்டுச் சொல்லாதவர்.

பக்தியிசைக்கென்று தனி மெட்டு ஏதேனும் உண்டா என்று பார்த்தாலும் விடை எளிதில் அகப்படுவதில்லை. ஜொஹான் செபாஸ்டியன் பாக் (1685–1750) லூத்தரன் சமயத்தில் ஊறியவர். தம் இசைச்சுவடிகள் பலவற்றின் முடிவில், இறைவனுக்கு மட்டுமே மகிமை எனப் பொருள்படும் மூன்று லத்தீன் எழுத்துகளைப் பொறித்தவர். அவரே 1733 டிசம்பரில் சாக்சனி அரசியின் பிறந்தநாளுக்கு எழுதிய இசையை, மறு ஆண்டு கிறிஸ்துமஸ் வழிபாட்டிசையின் முகப்பில் வைத்தார். அரசிக்காக முழங்கிய முரசும் எக்காளமும் குழந்தை இயேசுவின் பிறப்புக்கும் குறைவின்றிப் பொருந்தின. முத்துசுவாமி தீட்சிதரும், கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகளுக்கு வடமொழியில் தெய்வத் துதிகள் அமைத்தார். நோட்டுஸ்வர சாகித்தியங்கள் எனப்படும் அவற்றில், ஆங்கிலேய அரசகீதத்தின் மெட்டு அம்பிகையின் தோத்திரமாக மாறியிருக்கிறது. இது அந்த மகான்களின் பக்திக்குக் குறையாகாது. அவர்கள் எந்த நாதத்தையும் இறைவனுக்கு அந்நியமாகக் கருதவில்லை.

அப்படியானால் நம்பிக்கை எங்கே வேலை செய்கிறது? முதலாவதாக, படைப்பின் கட்டமைப்பில். திருவாரூர்க் கமலாம்பிகை மீது தீட்சிதர் இயற்றிய நவாவரணக் கீர்த்தனைகளை, ஸ்ரீசக்கரத்தில் அம்பிகையை வழிபடும் ஸ்ரீவித்யா உபாசனையிலிருந்து பிரித்து நினைக்கவே முடியாது. ஸ்ரீசக்கரத்தின் 9 ஆவரணங்களுக்கு, அதாவது சுற்றுகளுக்கு, 9 கீர்த்தனைகள், முன்னே தியானம், பின்னே மங்களம். ஆவரணம் மாற மாற ராகமும் மாறுகிறது, அம்பிகையின் பெயர் ஏற்கும் வேற்றுமையும் மாறுகிறது. அந்தந்த ஆவரணத்தின் சக்கரப் பெயரும் யோகினியின் பெயரும் சாகித்தியத்துக்குள் இழைக்கப்பட்டிருக்கின்றன. வெளியிலிருந்து உள்ளே, மையப்புள்ளியான பிந்துவை நோக்கி நகரும் பூஜையின் நடையே இசைத்தொகுதியின் நடையாகிவிட்டது. உபாசகர் அல்லாத ஒருவருக்கு எவ்வளவு புலமை இருந்தாலும், இப்படி ஒரு அமைப்பைத் தேட வேண்டிய தேவையே எழுந்திருக்காது. இசை நுட்பத்தைப் பக்தி கொடுக்கவில்லை. அந்த நுட்பம் செல்ல வேண்டிய திசையைக் கொடுத்தது.

இரண்டாவதாக, உழைப்பு யாருக்காக என்பதில். சரபோஜி மன்னரின் அழைப்பை ஏற்காமல் தியாகராஜர் திருவையாற்றில் உஞ்சவிருத்தி எடுத்தே வாழ்ந்தார் என்று மரபு சொல்கிறது. சபையை மகிழ்விக்கும் கட்டாயம் இல்லாதவர், தம் மனம் சென்ற வழியில் ராகங்களைத் தேட முடிந்தது. 200-க்கும் மேற்பட்ட ராகங்களை அவர் கையாண்டிருக்கிறார், பலவற்றில் ஒரே ஒரு கீர்த்தனைதான். பக்தியில்லாத சங்கீத ஞானம் நல்வழி ஆகாது என்று தன்யாசி ராகக் கீர்த்தனையில் அவர் சொல்வதும் இங்கே கவனிக்கத்தக்கது. அவருடைய கவலை பாடுகிறவர் கரையேறுவதைப் பற்றியது. பக்தியில்லாதவர் பாட்டில் ஸ்வரம் பிசகும் என்று அவர் அங்கே சொல்லவில்லை.

இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: பக்தி சில வேளைகளில் நுட்பத்தை அடக்கி வைக்கவும் செய்கிறது. பஞ்சரத்தினம் இயற்றிய அதே தியாகராஜர், திவ்யநாம சங்கீர்த்தனங்களையும், ராமனைத் துயிலெழுப்புவது, அமுது படைப்பது, தாலாட்டுவது போன்ற உபசாரங்களுக்கான உற்சவ சம்பிரதாயக் கீர்த்தனைகளையும் இயற்றினார். திவ்யநாமங்களில் பெரும்பாலும் எல்லாச் சரணங்களுக்கும் ஒரே மெட்டு, எளிய நடை, சங்கதிச் சுமை இல்லை. பாகவதர் ஒரு முறை பாடினால் கோஷ்டியில் இருக்கும் யாரும் திருப்பிப் பாடிவிடலாம். வித்வத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் இவை சற்றுக் கீழே நிற்கும். ஆனால் இவற்றின் தரம் கூடிப் பாடும் எளிமையில் இருக்கிறது, அந்த எளிமையும் பெரும் கலைஞனுக்கே கைவருவது. பாக் தம் வழிபாட்டிசையில், சபையார் பிறந்தது முதல் கேட்டுவந்த துதிப்பாடல் மெட்டை மேற்குரலில் அப்படியே நிறுத்தி, தம் மேதைமையைக் கீழ்க்குரல்களின் நகர்வில் வைத்ததும் இவ்வகையே. தியாகராஜரின் திவ்யநாமங்களும் உற்சவ கீர்த்தனைகளும் தென்னிந்திய பஜனை சம்பிரதாயத்தில் நிலையான இடம் பெற்று, சங்கீதம் கற்காதவர்களாலும் இன்றுவரை பாடப்படுகின்றன.